பலகைக்கு அந்தப் பக்கம்

சார்லராய் விமான நிலையத்தில்
அறிவிப்புத் திரை முழுதும் சிவந்தபோது
நான் செய்த முதல் வேலை
ரசீது சேர்க்கத் தொடங்கியது.
தொழில் அப்படி. நமூர் நகரத்தில்
காப்பீட்டு அலுவலகம்,
அடுத்தவர் நட்டத்துக்கு விலை போடுகிறவள்.
தண்ணீர் மூன்று யூரோ.
வாஃபிள் நாலரை.
தரையில் உட்கார்ந்தது இலவசம்.

வாடகை வண்டி மேசையில்
மிச்சம் ஒரே ஒரு கார்.
வரிசையில் நின்ற நால்வர்
ஒருவரை ஒருவர்
முலாம்பழம் தட்டிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
ஒப்புக்கொண்டோம்:
போர்ட்டோ வரை, ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்.

ஒதேத், ஞாயிறு பதினோரு மணிக்கு
ஒரு குழந்தைக்கு ஞானத்தாய் ஆக வேண்டியவள்.
மடியில் கையளவு வெள்ளைச் சட்டை, ஹேங்கரோடு.
மத்தைஸ், பத்தொன்பது வயது,
அவனைவிட நீளமான அலைச்சறுக்குப் பலகை.
பெயர் சொல்லாத ஒருவர்,
சாம்பல் ஸ்வெட்டர், சின்னப் பை.

பலகை எதிலும் அடங்கவில்லை.
பின்கண்ணாடியில் வாலும்
முன்கண்ணாடியில் மூக்குமாக
காரை இரண்டாக வகுந்து கிடந்தது.
இந்தப் பக்கம் ஸ்டியரிங்கில் நான்,
எனக்குப் பின்னால் மத்தைஸ்.
அந்தப் பக்கம் பின்னால் ஒதேத்,
முன்னால் அவர்,
எனக்குக் குரல் மட்டும்.

பாரிஸ் வரை நான்தான் பேசினேன்.
வேலைநிறுத்தக்காரர்களைப் பற்றி.
டிராலி தள்ளுவதற்குச் சம்பளம் போதாதாம்,
ஊரார் விடுமுறையை வைத்துச் சூதாட்டமாம்.
கூடவே, இங்கே எழுத முடியாத
இரண்டு சொற்கள்.
பலகைக்கு அந்தப் பக்கமிருந்து
ஒரு 'ம்' வந்தது.
ஆமோதிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஓர்லியான் அருகே மழை.
பலகைக்கு மேலே ஒரு கை நீண்டது.
"இனிப்பா, உப்பா?"
பிஸ்கட்தான்.
ஆனால் அந்தக் குரலில்
அத்தனை அலுப்பிலும் மடிப்புக் கலையவில்லை.
ஒதேத் காலிக் காகிதத்தைக் கசக்குமுன்
அதே கை பின்னால் போய் வாங்கிக்கொண்டது.

புவாத்தியே பக்கம் என் இமை ஒருமுறை தாழ்ந்தது.
"எல்லோரும் பெல்ட் போட்டிருக்கிறீர்களா?"
பிறகு, "அடுத்த வெளிவாசல் உங்கள் வலப்புறம்."
பலகைக்கு மேலே
இரண்டு விரல்கள், ஒட்டியபடி, நேராக.

மத்தைஸ்தான் சிரித்துவிட்டான்.
"நீங்க பிளேன்ல வேலை பார்க்கிறவரா?"

வைப்பர் இருமுறை போய் வந்தது.
"பதினோரு வருஷம்," என்றது பலகை.

பெயர் அன்செல்மோ.
காலையில் வாசலில் கோஷம் போட்டுவிட்டு
மதியம் ஊருக்குப் போக வழியில்லாமல்
தன் வேலைநிறுத்தத்தில் தானே மாட்டியவர்.
வீட்டில் குழாய் உடைந்திருக்கிறது.
ஆறு வாரமாகக் கெஞ்சிய ப்ளம்பர்
ஞாயிறென்றும் பாராமல் நாளை வருகிறான்.
விட்டால் அடுத்தது அக்டோபர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொன்னதையெல்லாம்
கிலோமீட்டர் வாரியாக எண்ணிப் பார்த்தேன்.
முந்நூறு.

"எவ்வளவு தருகிறார்கள்?" என்றாள் ஒதேத்.
பிரஸ்ஸல்ஸில் அலுவலகம் பெருக்குகிறவள்,
கேட்கத் தெரிந்த கேள்வி.
"கதவை மூடின பிறகுதான் எங்கள் கடிகாரம் ஓடும்.
நீங்கள் ஏறுவது, பையைத் திணிப்பது,
மூடுபனிக்குக் காத்திருப்பது
எல்லாம் எங்கள் செலவு."
"எங்களுக்கு வாளியைத் தூக்கினால்தான்."
அதன்பின் இருவரும்
போர்த்துக்கீசியத்துக்கு மாறிவிட்டார்கள்.
நடுநடுவே சிரிப்பு.
மத்தைஸ் வாய் பிளந்து தூங்கினான்.

ஸ்பெயின் எல்லையில் மன்னிப்புக் கேட்க நினைத்தேன்.
காப்பி வாங்கிக் கொடுத்தேன்.
கேட்கவில்லை.
காப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினேன்
என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போர்ட்டோவில் காலை ஒன்பதரை.
முதலில் இறங்கியவர் கதவைப் பிடித்தபடி நின்று
ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார்,
தன்னையறியாமல்.
மத்தைஸ் பலகையை உருவியதும்
காருக்குள் சட்டென்று எவ்வளவு இடம்.
அந்தப் பக்க இருக்கையில் பிஸ்கட் தூள்,
சாம்பல் நூல் ஒன்று.

காரைத் திருப்பித் தர வேண்டியது
விமான நிலையத்தில்.
வெளிவாசலைத் தவறவிட்டு
இரண்டு முறை சுற்றினேன்.