வியாழக்கிழமைத் தண்ணீர்

வசாவிளானில் காணியை விட்டார்கள்.
வீடு அதில் இல்லை.
வடக்கு வேலியோரம் ஒரு சீமெந்துக் கட்டு,
அதில் ஆறு ஆணி, அறுத்துவிட்ட குழாய்,
குழாயின் தலையில் துருப்பிடித்த தாங்கி
இன்னும் மேலே பார்த்தபடி.

நான் நில அளவைக்காரி.
எல்லைக்கல் தேடப் போன இடத்தில்
பழக்கதோஷம், அதையும் அளந்தேன்.
தெற்கிலிருந்து மேற்கே முப்பத்தாறு பாகை.
நிமிர்வு எழுபத்தாறு.
களப்புத்தகத்தில் எழுதிவிட்டுப் பார்த்தால்
எந்தக் காணிக்கும் அது எல்லையில்லை.

ஆவணியில் ஆரூரன் வந்தான்,
கனடாவிலிருந்து, சின்னண்ணையின் மகன்.
அங்கே படையில் சிக்னல் பிரிவு.
சாறத்துக்கு மேலே பெல்ட் கட்டியிருந்தான்.
கிணறு இறைக்கிற அன்று கூட்டிப்போனேன்.

தாங்கியைக் கண்டதும்
அதன் சரிவில் உள்ளங்கையை வைத்தான்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
பிறகு நிமிர்ந்தான்,
நான் அளந்த அதே இடத்துக்கு,
கருவி ஒன்றும் இல்லாமல்.

"மாலைதீவுக்கு நேர்மேலே, மாமி. அசையாது.
ஏத்தினது ஒரு நாடு. ஏழு நாடு பங்கு.
காசுக்கேற்ற அலைவரிசை.
ஆளாளுக்கு வேற பூட்டு, வேற திறப்பு.
சண்டை எண்டால் ஏத்தினவைக்கு முதல் முறை."

முறை என்று தமிழில்தான் சொன்னான்.

அதோடு எனக்கு விளங்கிவிட்டது.
உறுதியில் கிடக்கிறது:
'பாவனைக் கிணற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கும்
வழி வாய்க்கால் உரித்தும்.'
எங்களுக்கு வியாழன், விடியத் தொடங்கி மத்தியானம் மட்டும்.
வெங்காயம் சுருண்டு கிடந்தாலும்
வெள்ளி, விசாகரத்தினத்தாருக்கு.
ஒரு சித்திரையில் அவர்
மிசினுக்கு மேல் ஈரச்சாக்குப் போட்டு
எங்கள் தண்ணீரில் அரைமணி களவாக இறைத்தார்.
மல்லாகத்தில் ஒன்பது வருச வழக்கு.
தீர்ப்புக்கு முந்தி ஷெல் வந்தது.
இரண்டு வீட்டாரும் ஒரே ட்ரக்டர் பெட்டியில்
முழங்காலோடு முழங்கால் இடிபட்டுப் போனோம்.
ஒருவரோடொருவர் கதைக்கவில்லை.

பங்காளிக்கு எங்களிடம் இந்த அர்த்தம்தான்.
நேச நாடுகளுக்கு என்ன அர்த்தம்?
கேட்டேன். சிரித்தான்.

செய்மதி என்கிறோம். செய்த நிலா.
தேயாது, வளராது,
கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தெரியாது.
வருசத்தில் இரண்டு தரம்,
பங்குனியில் ஒன்று, புரட்டாதியில் ஒன்று,
மத்தியானச் சூரியன் அதற்குப் பின்னால் வந்து நிற்குமாம்.
இந்த இடத்தில் காது வைத்திருப்பவர் எவரானாலும்
அந்தச் சில நிமிடம் செவிடு.

"அப்ப இந்தக் காது," என்றேன்,
"அந்த மாசங்களில், எங்கட காணிக்குள் இருந்து
ஆருடைய பங்கில் கதைத்தது?"

அவன் தாங்கியிலிருந்து கையை எடுத்தான்.
"அதைக் கதைக்கேலாது, மாமி."

தெரியாது என்று சொல்லவில்லை.
கதைக்கேலாது.
முகாம் வாசலில் கேட்ட சொல்,
கச்சேரி யன்னலில் கேட்ட சொல்.
சின்னண்ணையின் மூக்கும் நாடியும் உள்ள முகத்தில்
இன்றைக்குத்தான் முதல்தரம்.

மிசின் இருமி, பிடித்தது.
முதலில் கறுப்புத் தண்ணீர். பிறகு பச்சை.
வற்ற வற்ற ஒரு சப்பாத்து, இரண்டு பற்றரி,
ஒஸ்லோப் பங்குக்காரர் வட்ஸ்அப்பில்
பெருவிரல் ஒன்று அனுப்பினார். காசு இன்னும் இல்லை.
கடைசியாக, சேற்றோடு, தடித்த கறுப்பு வயர்.
இழுக்க இழுக்க வந்தது.

ஆரூரன் அதை வாங்கி
ஒரு சுற்று மேலாக, ஒரு சுற்று கீழாக,
முறுக்கு விழாமல், பார்க்காமலே சுருட்டினான்.
கை பழகியிருந்தது.
சுருட்டி முடிந்ததும் எங்கே வைப்பதென்று தெரியாமல்
தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

அன்று திங்கள்.
ஆருடைய முறை என்று
கேட்க ஒருவரும் இல்லை.