பதினொன்று புள்ளி நான்கு

ஜக்கூர் ஓடுதளம் நகக்கண் அளவுக்குச் சுருங்கிவிட்டது.
இருக்கைக்குப் பின்னால் ஏழு ஆம்பியர் பேட்டரி,
சிவாஜி நகரில் பேரம் பேசி வாங்கியது,
யார் வீட்டு யுபிஎஸ்ஸுக்கோ போயிருக்க வேண்டியது.

பன்னிரண்டரை வோல்ட்டோடு கிளம்பினேன்.
இப்போது பதினொன்று புள்ளி நான்கு.
டிரான்ஸ்பாண்டர்தான் பெருந்தீனி:
ரேடார் கேட்கும்போதெல்லாம்
இங்கே, இங்கே என்று
சொல்லிச் சொல்லியே தீர்க்கிறது.

எஞ்சின் இல்லாதவளுக்கு மின்சாரம்
எண்ணி முடிந்துவைத்த சில்லறை.
எதை நிறுத்த?

ஹெப்பாள் ஏரிக்கு மேல்
தேவனஹள்ளி போகும் விமானம் திரும்புகிறது.
நூற்றெண்பது பேர் பெல்ட் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.
அவர்களின் விமானிக்கு நான் திரையில் ஒரு குறி.
அணைத்தால் அதுவும் இல்லை.

ரேடியோவில் சொன்னேன்:
"இனி என் குரல் வராது, புள்ளி வரும்."
கோபுரத்து லிங்கப்பா ஒரு கணம் யோசித்து,
"சரி மேடம், புள்ளியைப் பார்த்துக்கொள்கிறேன்."

ரேடியோவை அணைத்தேன். ஏற்றமானியையும்.
அதன் பீப் நின்றதும்
கண்ணாடிக் கூரையில் காற்று உரசுவது கேட்டது.

இடது இறக்கைக்குக் கீழே ஒரு பருந்து
ஒரு வோல்ட்டும் இல்லாமல்
ஏறி வந்துகொண்டிருந்தது.
அதன் வட்டத்துக்குள் சாய்ந்தேன்.

பலகையில் சின்ன விளக்கு சிமிட்டியது.
யாரோ கேட்டிருக்கிறார்கள்.