நொண்டிப் பார்த்து வாங்கியது

எல் ஆல்டோவின் ஞாயிற்றுச் சந்தை
எங்கே தொடங்குகிறது என்று சொல்லிவிடுவேன்.
முடியும் இடத்தைப் பார்த்தவர் யாரையும் இன்னும் சந்திக்கவில்லை.
லாரி டயர், கல்யாணக் கவுன், ஒற்றைச் செருப்பு,
போன வாரம் உங்கள் வீட்டில் காணாமல் போனது
எல்லாம் தார்ப்பாய்மேல் கிடக்கும்.

கணுக்காலில் இரண்டு திருகாணி எனக்கு.
பக்கத்தில் நய்ரா, முதுகில் பலகை.
அவள் இறங்குவாள், நான் படம் எடுப்பேன் என்று
முடிவாகியிருந்தது. யார் முடிவு செய்தது என்று கேட்காதீர்கள்.
காலுறைக்குள் அறுநூறு பொலிவியானோ:
கால் உடைவதற்கு முன்
மூன்று மாதம் மினிபஸ் ஏறாமல் நடந்து சேர்த்தது.

முதல் கடையில் புதுப்பெட்டி. பொன்னெழுத்து.
'தண்ணிக்கடியில் முப்பது மீட்டர் தாங்கும்' என்றார்.
'எந்தக் கடலில்?' என்றாள் நய்ரா.
கடைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று.
கடலைப் போரில் பறிகொடுத்த நாட்டில்
அதை வைத்து விளையாடக் கூடாது.
மன்னிப்புக் கேட்டுவிட்டு,
கேமராவைப் பிடித்தபடி பத்தடி நடந்தேன்.
திரையில் சந்தையே சரிந்து சரிந்து எழுந்தது;
என் நொண்டல் அதற்குப் பூகம்பம்.
திருப்பிக் கொடுத்தோம்.

அடுத்தது டேப் போடும் பழைய ஹேண்டிகேம்.
கைப்பிடி, கனம், மீன் கண் போல் பிதுங்கிய லென்ஸ்.
நய்ராவுக்கு அதைக் கீழே வைக்க மனசில்லை.
'டேப் எங்கே கிடைக்கும்?'
'அதை மட்டும் கேக்காதே தம்பி.'

கிழிந்த குடைக்கடியில் எடில்பெர்த்தோ,
கைக்கடிகாரங்களுக்கு நடுவே
தீப்பெட்டி அளவில் ஒன்றை வைத்திருந்தான்.
பேட்டரி மூடி இல்லை, கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.
லென்ஸ் ஓரத்தில் மயிரிழைக் கீறல்.
எண்ணூறு என்று யானை விலை சொன்னான்.
மறுபடி பத்தடி நடந்தேன்.
படத்தில் அடிவானம் அசையவே இல்லை.
இவன் நொண்டவில்லை என்று
என்னை வைத்துக்கொண்டே அது சாதித்தது.

உள்ளே பழைய கார்டு. ஒரே ஒரு வீடியோ.
சைக்கிள் கைப்பிடி, மண் பாதை, வேகம்,
திடீரென்று வானம், புல், மறுபடி வானம்.
பிறகு யாரோ சிரித்துக்கொண்டே
லென்ஸைக் கட்டைவிரலால் துடைக்கிறார்கள்.
விரலில் ரத்தம். அவ்வளவுதான்.
'அழிச்சுடு' என்றான் எடில்பெர்த்தோ, கண்ணைப் பார்க்காமல்.
விற்றதா திருடியதா என்று நாங்களும் கேட்கவில்லை.
அய்மாராவில் நய்ரா என்றால் கண்;
முன்பு என்றும் பொருள்.
ஐந்நூற்று எழுபதுக்குப் படிந்தது.
மிச்சம் முப்பதில் ஆளுக்கு இரண்டு சால்தேஞ்யா;
சூடு, நாக்கு வெந்தது.

நாலு மணிக்கு, நகரத்துக்கு இறங்கும் சாலை.
குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று
அக்குளில் இடுக்கிக்கொண்டு வளைவில் நின்றேன்.
மேலே ஒரு புள்ளி.
புள்ளியாகவே இருந்தது, வெகுநேரம்.
பிறகு கையுறை தாரில் உரசும் சத்தம்,
ஆரஞ்சுத் தலைக்கவசம், காற்று.
அவள் போய்விட்டிருந்தாள்.

நடந்தே ஏறிவந்து குனிந்து பார்த்தாள்.
'இவ்வளவு மெதுவாவா போறேன்?'
எனக்கும் அதிர்ச்சிதான்.
செங்குத்துச் சாலையைக் கேமரா தட்டையாக்கி வைத்திருந்தது,
பலகை ஏதோ ரொட்டி வாங்கப் போவதுபோல் போனது.
எண்பதைத் தொட்டிருப்பாள், சத்தியமாக.
எண்ணூறு சொன்ன கேமராவானாலும்
இதைத்தான் காட்டியிருக்குமோ என்னவோ.

ஓர் உண்மை மட்டும் அதில் பதிவாகியிருந்தது:
அவள் கடக்கும் நொடியில் என் மூச்சு நிற்பது.
நய்ரா அதை மூன்று தடவை ஓடவிட்டுக் கேட்டாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

'கீழே படு' என்றாள் கடைசியில். 'இன்னும் கிட்டத்துல.'

உடைந்த காலை நீட்டி, வெள்ளைக் கோட்டோரம்
கன்னம் தாரில் படப் படுத்துக்கொண்டேன்.
கேமரா இன்னும் எதையும் பார்க்கவில்லை.
திரையின் மேல் மூலையில் அந்தக் கீறல்;
தூரத்து ரோப்கார் கம்பி என்று
யார் கேட்டாலும் சொல்லிக்கொள்ளலாம்.
காதுக்கடியில் சாலை
மெல்ல அதிரத் தொடங்கியது.