காலரில் குத்திய மைக்

மிஸ் ஊய் சொன்னது:
பேட்டரிக் கதவைத் திறந்து மூடுங்கள்.
மூடியதிலிருந்து மூன்று நிமிடம்தான்
கருவி தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்.
அதற்குள் கைப்பேசி கண்டுகொள்ள வேண்டும்,
இல்லையென்றால் மறுபடியும் கதவு.

என் கைப்பேசி கண்டுகொள்ளவில்லை.
பழைய மாடல். இரண்டும் ஒரே மேசையில்
முகம் திருப்பிக்கொண்டு கிடந்தன.

"இடையில் ஒன்று போடலாம்" என்றாள்.
கழுத்தில் தொங்கும் ஒரு பெட்டி,
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் தடிமன்.
கைப்பேசி அதனிடம் சொல்லும்,
அது என் காதுகளிடம் சொல்லும்.
தரகர்.
சாதகம், பொருத்தம் எதுவுமில்லாமல்
குணாளனைக் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டு
கொம்தாரில் கோழிச் சோறு சாப்பிட்டவள் நான்.
நாற்பத்தாறு வயதில் தரகர் வைக்கிறேன்.
எழுநூற்று எண்பது ரிங்கிட். தவணை உண்டு.

முதல் நாள் இடது காது மட்டும் சேர்ந்தது.
ஈப்போவிலிருந்து தங்கை பேசினாள்,
மாமியாரைப் பற்றி, நாற்பது நிமிடம்.
ஒரு காதில் வாங்கினேன்;
விடுவதற்கு மறு காது இல்லை.
அத்தனையும் இன்னும் உள்ளேதான் கிடக்கிறது.

காரணம் கேட்பவர்களுக்கு:
பாயான் லெப்பாஸ், பிரஸ் மெஷின், பதினாறு வருடம்.
அடைப்பான் கொடுத்தார்கள்.
போட்டால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது.
கேட்கவில்லையென்றால் திட்டு.

பெட்டியோடு ஒரு கிளிப் மைக் வந்தது.
பேசுகிறவர் சட்டையில் குத்திவிட்டால்
இரைச்சலைத் தாண்டி அவர் குரல் மட்டும் வரும்.
குணாளன் கண்ணாடி முன் நின்று
"செய்தி வாசிக்கிறவன் மாதிரி இருக்கேன்" என்றார்.
உதடு அறையின் அந்தக் கோடியில்.
குரல் என் மண்டைக்குள்.

ஞாயிறு, ஜெலுத்தோங் பசார்.
தேங்காய் துருவும் மெஷின் பக்கத்தில் நான்.
இங்கே எப்போதும் எனக்கு மெஷின் மட்டும்தான்,
மனிதர்கள் எல்லாம் வாயசைப்பு.
அவர் மீன் வாங்கப் போனார்,
மைக்கைக் கழற்ற மறந்து.

ஈரத் தரையில் செருப்பு. சாவிக்கொத்து.
மூச்சு:
மாடிப்படி ஏறாமலே இப்படி வாங்குகிறதா?
சொல்லவே இல்லையே.

பிறகு ஹொக்கியன்.
மீன்கார ஆ செங்கோடு, சரளமாக,
துறைமுக வேலையில் பழகியது.
ஒரு சொல் பிசகாமல் கேட்டது.
ஒரு சொல் புரியவில்லை.
பதினோரு வருடமாக ஏங்கிய தெளிவு
முழுசாக வந்து இறங்கியிருக்கிறது
தெரியாத பாஷையில்.

சிரித்தார். வீட்டில் சிரிக்கிற சிரிப்பு இல்லை,
இது வயிற்றிலிருந்து வருவது.
நடுவில் என் பெயர்.
வசுந்தரா என்று, முழுதாக;
வீட்டில் நான் 'இந்தா'.
பெயருக்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.
கத்தி செதிலை உரசும் சத்தம் மட்டும்.

காதும் காதும் வைத்த மாதிரி என்பார்கள்.
இங்கே ஒரு காதும் பக்கத்தில் இல்லை.
நிறுத்திவிடலாம், பெட்டியில் ஒரு பொத்தான்தான்.
விரல் வைத்தேன். அழுத்தவில்லை.
எவ்வளவு தூரம் வருகிறார் பார்க்கலாம் என்று
வேண்டுமென்றே நகர்ந்தேன்.
டோஃபு கடை, பூக்கடை, வருகிறார்.
கோழிக் கூண்டுகளிடம் கொஞ்சம் உடைந்தார்.
வாசல் தூணில் போய்விட்டார்.
ஓரடி திரும்பி வைத்தேன். வந்தார்.

"தேங்காய் வாங்கியாச்சா?"

தமிழ். மெதுவாக, காலருக்குக் குனிந்து.
அப்படியென்றால் மறக்கவில்லை.

"வாங்கியாச்சு" என்றேன்.
மைக் அவரிடம், என்னிடம் வெறும் தொண்டை.
இன்னும் பலமாக: "வாங்கியாச்சு!"
பூக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள்.
கூட்டத்துக்கு அந்தப் பக்கம்
அவர் என்னைத் தேடிக் கண்டுபிடித்து,
மீன் பையை இடது கைக்கு மாற்றி,
வலது உள்ளங்கையைக் குவித்துக்
காதில் வைத்தார்.

"ஆ? என்னது?" என்கிறார்
என் தலைக்குள்ளிருந்து.