வெற்றிடத்துக்கு வந்த ரப்லெற்

கடலெஞ்சின் திருத்துநர் வகுப்பு, பாசையூர்.
போதனாசிரியர் கட்டாருக்குப் போய் ஏழு மாதம்.
கதிரையில் அவருடைய துவாய் இன்னும் கிடக்கிறது.
கொழும்பிலிருந்து பெட்டியில் வந்தது ரப்லெற்,
பதினாலு பேருக்கு ஒன்று.
அன்று கந்தோரில் ஆளில்லை.
கையெழுத்து வைத்து வாங்கியவர் காவலாளி.

முதல் நாள் வணக்கம் சொன்னது,
செய்தி வாசிக்கிற குரலில்.
பிளக்கைத் தீப்பொறிச் செருகி என்றது.
டினோஜன் சிரித்த சிரிப்பில்
ஸ்பானர் நழுவிக் காலில் விழ, ஐயோ என்றான்.
"உடனடியாக மருத்துவ உதவியை நாடவும்" என்றது.

ஆனாலும் பழகிப்போனோம்.
ஒரே கேள்வியை ஐந்தாம் தரம் கேட்டாலும்
"நல்ல கேள்வி" என்று தொடங்கும்.
அந்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெட்டை.
உனக்கேன் இந்த எண்ணெய் வேலை என்று
கேட்காத முதல் வாய் அது.
வாயே இல்லை என்பது வேறு கதை.

ஆவணியில் பத்திநாதர் அண்ணையின் எஞ்சின் வந்தது.
பதினைந்து குதிரைவலு, மண்ணெண்ணெயில் ஓடுவது.
கரையில் நல்லாய் ஓடும்,
கடலில் பாதி வழியில் நிற்கும்.
படம் எடுத்துக் காட்டினேன்.
காபரேற்றரை மாற்று என்றது.
யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியாச்சு, இல்லை என்றேன்.
மன்னிக்கவும், பெற்றோலின் தரத்தைப் பார் என்றது.
இது மண்ணெண்ணெய் என்றேன்.
மன்னிக்கவும் என்றது.
இவ்வளவு மன்னிப்பை
எந்த அரசாங்கக் கந்தோரிலும் நான் வாங்கினதில்லை.

பிறகு கேட்டது:
நிற்பதற்கு முன் என்ன மாதிரிச் சத்தம் வருகிறது?

அங்கேதான் திணறினேன்.
பிறந்த நாளிலிருந்து எஞ்சின் சத்தத்தில் நித்திரை கொண்டவள்,
ஒரு சொல் வரவில்லை.
கர்ர்... இல்லை.
இருமல்? இருமலும் இல்லை.
எழுதி அழித்தேன், எழுதி அழித்தேன்.
பின்னேரம் அண்ணையோடு வள்ளத்தில் ஏறி
மண்டைதீவுப் பக்கமாய் ஓடவிட்டு
கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன்.

சோடா முடிகிற நேரம்
போத்தலின் அடியில் ஸ்ட்ரோ உறிஞ்சுமே,
அது.

அதை நான் எழுதவேயில்லை.
எழுத முன்னமே கை
எண்ணெய்த் தாங்கியின் மூடிக்குப் போய்விட்டது.
காற்றுத் துளையை
உப்பு பூட்டிவைத்திருந்தது.
ஊசியால் ஒரு குத்து.
தாங்கி பெருமூச்சு விட்டது.

அடுத்த நாள் விஷயத்தைச் சொன்னேன்.
"சிறந்த அவதானிப்பு" என்றது.
அதற்கடுத்த நாள் டினோஜன்
வேறொரு வள்ளத்துக்கு அதே பழுதைக் கேட்க,
காபரேற்றரை மாற்று என்றது.

இப்போது வேலைப்புத்தகம் என் முன்னால்.
நாளைக்குச் சோதனையாளர் வருகிறார்.
பழுது: எழுதிவிட்டேன்.
திருத்திய முறை: ஊசி என்று மட்டும் எழுதினால் காணுமோ தெரியாது.
மேற்பார்வை செய்தவரின் கையொப்பம்:

காவலாளி எட்டிப் பார்க்கிறார்.
அந்தச் சாமானை வாங்கினது நான்தானே,
வைக்கட்டோ பிள்ளை?