எட்டு ஜீபியும் ஒரு காலி ஸ்லொட்டும்

கல்முனைக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால்
மூன்று எண்பதை வெட்டிவிட்டு
மூன்று பத்து என்று சிவப்பில் எழுதியிருந்தது.
அந்த எழுபதாயிரத்துக்குப் பின்னால் என்ன பழுது என்று
பஸ்ஸால் இறங்கும்போதே யோசித்துவிட்டேன்.
வெட்டு மெஷின் ஓட்டுகிறவன் நான்.
புதுப் பெயின்ட் அடித்த பழைய மெஷினைத்
தூரத்தில் வைத்தே பிடித்துவிடுவேன்.

மேசையில் இரண்டு.
ஒன்று மெல்லிசு. பதினாறு ஜீபி ரேம்.
கல்யாண வீட்டுத் தாம்பாளம் மாதிரி மினுக்கம்,
உள்ளே நாலு ஜீபி கிராபிக்ஸ்.
மற்றது தடிப்பு, செங்கல் பாரம்.
கிராபிக்ஸ் ஆறு. ரேம் எட்டுத்தான்.
போன வருடத்து மொடல்,
ஏழு மாதம் காட்சிக்குத் திறந்தே கிடந்தது,
திரையின் வலது மேல் மூலையில்
அணைந்துபோன ஒரு புள்ளி.

"அந்தப் புள்ளிக்குத்தான் எழுபதாயிரம்" என்றார் சப்ரான்.
உண்மையைச் சொல்லிவிடுகிற கடைக்காரரிடம்
பேரம் பேசுவது பெரிய கஷ்டம்.

கட்டாரிலிருந்து கஜரூபன் வொயிஸ் அனுப்பினான்:
"மச்சான், ரேம் பிறகும் போடலாம்,
கிராபிக்ஸ் ஒட்டினது ஒட்டினதுதான்,
ஸ்லொட் காலியா இருக்கா எண்டு மட்டும் கேள்."
அடுத்த வொயிஸில்,
"இல்ல, மெல்லிச எடு, தூக்கித் திரிய லேசு."
மூன்றாவதில் அவனுடைய போர்மன் கத்துகிற சத்தம் மட்டும்.

விளையாட்டை ஏற்றச் சொன்னேன்.
இரண்டிலும் அதே வயல், அதே வெயில்.
பத்து நிமிடம் நான் திரையைப் பார்க்கவில்லை.
காதைத்தான் கொடுத்தேன்.

மெல்லிசு நாலாம் நிமிடமே இழுக்கத் தொடங்கியது.
அந்த இரைச்சல் எனக்குத் தெரியும்.
தங்கவேலாயுதபுரத்து வட்டையில்
ரேடியேட்டரைப் பதர் அடைத்து
ஊசி சிவப்புக்குப் போகும் முன்
என்ஜின் இப்படித்தான் அழும்.
கீபோர்டுக்கு மேலே உள்ளங்கையை வைத்தேன்.
ரொட்டி சுடலாம்.

தடிப்பு இரைந்தது, மறுக்கவில்லை.
ஆனால் ஒரே இரைச்சல்,
சேற்று வயலில் முழுப் பாரத்தோடு போகிறதுபோல்
ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை.
கவிழ்த்து, ஆணி பதினொன்றையும் கழற்றச் சொன்னேன்.
சப்ரான் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கழற்றினார்.
இரண்டு ஃபேன், மூன்று செப்புக் குழாய்,
ஏழு மாதத்துக் கல்முனைத் தூசி,
ரேமுக்குப் பக்கத்தில்
ஒன்றுமே இல்லாத ஒரு ஸ்லொட்.

காசை எண்ணிக் கொடுத்தேன்.
நோட்டுகளில் இன்னும் நெல்லுச் சுணை.
எண்ணி முடித்துவிட்டு அவரும்
கழுத்தைச் சொறிந்தார்.
மவுஸ் ஒன்றைச் சும்மா தந்தார்.

தம்பிலுவில். ராவு ஒன்பதரை.
யசோதினி வந்து நின்றாள்.
"பகலெல்லாம் ஓட்டினது காணாதா?"
பதில் சொல்லாமல் வெட்டிக்கொண்டிருந்தேன்.
அது கோதுமை.
இந்த விளையாட்டில் நெல் இல்லை,
கோதுமை வயலை நானும் கண்டதில்லை,
கத்தியை எந்த உயரத்தில் வைப்பது என்று
குத்துமதிப்பாகத்தான் போகிறேன்.

"இது ஆர்ட வயல்?"
"என்ட."
"மெஷின்?"
"அதும் என்ட."
கொஞ்ச நேரம் பேசவில்லை அவள்.
பிறகு கதிரையை இழுத்துப் போட்டாள்.
"மழை வருமா?"
"வரும். சொல்லிட்டுத்தான் வரும்."
"ஆனை?"
"இல்ல."
"அப்ப வெட்டு" என்றாள்.

வானத்தின் வலது மூலையில்
பறக்காத காகம் போல அந்தப் புள்ளி.
தலைமாட்டில் வந்து திரும்பும்போதெல்லாம்
தூரத்து மரங்கள்
கொஞ்சம் பிந்தித்தான் முளைக்கின்றன.
எட்டு ஜீபி.
சிறுபோக வெட்டு முடியட்டும்.