கோரிமேட்டிலிருந்து இருபது வளைவு

எங்கள் வீட்டில் இரண்டே அறை.
கட்டில் காலைச் சுற்றி, கேஸ் அடுப்பை உரசி,
துணிக்கொடிக்குக் குனிந்து
மறுபடி கட்டிலுக்கு வந்தால் ஒரு வளைவு.
இப்படி இருபது போனால் ஏற்காடு
என்பது தனசீலனின் கணக்கு.

பகலெல்லாம் மலைக்கு மினிபஸ் ஓட்டுகிறவர்
ராத்திரியில் குழந்தையை ஓட்டுகிறார்.
தோளில் துண்டு, துண்டின்மேல் அவள் தலை.
திருப்பத்துக்குத் திருப்பம்
வாயாலேயே மெல்ல ஒரு ஹாரன்.
"ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும் கண்ணு.
உன் அழுகை ஏறுது பாரு,
நாம ஓரமா நிப்போம்."

பிறந்து ஐம்பத்து மூன்று நாள்.
பேர் வைப்பதில் இரண்டு வீட்டுக்கும்
இன்னும் ஒத்துவரவில்லை.
ஆஸ்பத்திரிச் சீட்டில் அவள் பேபி ஆஃப் குணவதி.
பன்னிரண்டரைக்கு ஒரு தரம், இரண்டேகாலுக்கு ஒரு தரம்,
நாலு மணிக்குள் கட்டாயம் இன்னொரு தரம்
குணவதியை எழுப்புகிற பேபி.

வலப்பக்கம் குடிப்பாள்.
இடப்பக்கம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.
காம்பு புண்ணாகிப்போன வாரத்தில்
அவள் வாய் வைக்கும் அந்த முதல் நொடிக்கு
கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.
குறைவதற்கு டப்பாப் பால்.
கரண்டி எண்ணும்போதே தூங்கிப்போய்
போட்டது இரண்டா மூன்றா என்று தெரியாமல்
கீழே கொட்டிவிட்டு
முதலிலிருந்து எண்ணியிருக்கிறேன்.

ஒருநாள், "நீ எழுந்தா என்னவாம்?" என்று
இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டு
இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து
இருட்டில் மண்டை மோதிக்கொண்டோம்.
அழுகையை நிறுத்திவிட்டு
எங்களை வேடிக்கை பார்த்தாள்.

நேற்று மலையில் மழை.
எட்டாம் வளைவுக்குக் கீழே பாறை உருண்டு
பாதையை மூடிவிட்டார்கள்.
ஏரிக்கரை ஓரமாக வண்டியைப் போட்டு
அதிலேயே படுத்துக்கொண்டார்.

இரண்டேகாலுக்கு இங்கே இவள் எழுந்தாள்.
பால் முடிந்தது. ஏப்பமும் வந்தது.
தூக்கம் மட்டும் வரவில்லை.
எனக்கு அந்தப் பாதை தெரியாது.
கல்யாணமாகி நாலு தரம் போயிருப்பேன்,
மூன்றாம் வளைவிலேயே
எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்
கண்ணை மூடிக்கொள்கிற ஆள் நான்.

போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.
வண்டிக்கூரைமேல் மழை இரைந்தது.
"ஒண்ணு. மெதுவா. இடதுகைப் பக்கம் மூங்கில்.
ரெண்டு. குரங்குங்க தூங்கும், ஹாரன் வேண்டாம்.
மூணு. இங்கதான் நீ கண்ண மூடுவ.
இன்னிக்குத் தொறந்தே வெச்சுக்க."

ஆறில் சேலம் முழுக்கத் தெரியும் என்றார்,
விளக்கு விளக்காக.
சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.
மலை இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் கறுப்பு.

"ஒம்பது. காது அடைக்கும். எச்சில் முழுங்கு."
முழுங்கினேன்.
இவளும் எதையோ முழுங்கினாள்.

"பத்து" என்றவர்
பதினொன்று சொல்லவில்லை.
"ஏங்க?"
மழை. அப்புறம்
ஃபர்ஸ்ட் கியரில் ஒரு குறட்டை.

பன்னிரண்டை நானே வளைத்தேன்.
பதிமூன்றில் அங்கே என்ன இருக்குமோ,
இங்கே பாத்திரம் கழுவுகிற தொட்டி இருந்தது,
நேற்றைய குக்கரோடு.
பதினான்கில்
அவள் விரல்கள் என் நைட்டியை விட்டன.

படுக்க வைத்தால் விழித்துக்கொள்வாள்.
போனைக் கட் பண்ணவும் மனசில்லை.
இடப்பக்கம் பால் கட்டி வலித்தது.
பதினைந்து, பதினாறு என்று
போய்க்கொண்டே இருந்தேன்.

இருபதில் நின்றேன்.
மேலே குளிராக இருக்கும் என்பார்கள்,
எனக்கு முதுகெல்லாம் வியர்வை.
இறங்குகிற வழியை
அவர் இன்னும் சொல்லவில்லை.